நீலியின் பதினான்கு நாள்கள்: சிலப்பதிகாரத்தில் முறையீடும் அதன் இக்காலப் பொருளும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் வழக்குரை காதையை விரைந்து கடந்துவிடுவதில்லை. உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் இக்காப்பியத்தைப் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு மேடைக்கும் பாடநூலுக்கும் திரைக்கும் மிகுதியாகப் பயன்பட்டு வந்தது அக்காதையே. சிலம்பை ஏந்தி நிற்கும் கண்ணகியின் தோற்றம் தமிழர்தம் நீதியுணர்வின் அடையாளமாக நிலைபெற்றுவிட்டது. 1968ஆம் ஆண்டில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் அத்தோற்றத்தையே கொண்டது. அச்சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பெற்றதும், 2006 ஜூன் திங்களில் மீண்டும் அதே கடற்கரையில் நிறுவப்பெற்றதும் யாவரும் அறிந்தவை. முறையிடும் ஒருத்தியின் உருவங்கூட ஆட்சியாளர்க்கு ஒரு பொருட்டாகவே இருந்துள்ளது என்பதற்கு இஃது ஒரு சான்று.

எனினும் இக்காதையை நாம் கற்பித்துவரும் முறையில் ஒரு குறை உண்டு. கற்பின் வலிமை, ஊழின் வலிமை ஆகிய இரண்டையும் விரித்துரைக்கும் நாம், முறையீடு என்னும் செயலை அதற்குரிய அளவில் ஆராய்வதில்லை. அயலூரிலிருந்து வந்தவளும் துணையற்றவளுமான ஒரு பெண்ணின் சொல் எவ்வெந் நிலைமைகள் கூடியதனால் அரசவையில் ஏறியது? அந்நிலைமைகள் கூடாதவிடத்து முறையிடுவோர் என்ன ஆவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காப்பியத்தினுள்ளேயே கிடைக்கின்றது. முதல் வினாவுக்கு விடை கண்ணகி. இரண்டாவது வினாவுக்கு விடை, நம் வகுப்பறைகளில் பெயரளவிலேயே சுட்டப்பெறும் நீலி. இவ்விருவரையும் ஒருங்கு வைத்து நோக்கி, ஆட்சியாளரின் பிழையையும் அதிகாரிகளின் ஊழலையும் அறவழியில் எதிர்ப்போர் இக்காலத்தில் எதிர்கொள்ளும் நிலையோடு அவர்களைப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீலி என்னும் முறையீட்டாளர்

மதுரை எரியுண்ட பின்னர் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்புச் செய்தியைக் கூறுகின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தை வசு என்பவனும் கபிலபுரத்தைக் குமரன் என்பவனும் பகை கொண்டு ஆண்டு வந்தனர். சிங்கபுரத்துக் கடைவீதியில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகையரசனின் ஒற்றன் எனக் கூறிப் பிடித்து, அரசனுக்குக் காட்டிக் கொல்வித்தான் பரதன். அவன் அரசனுக்குத் தொழில் செய்தவன். மறுபிறப்பில் கோவலனாகப் பிறந்தவனும் அவனே. கொலையுண்டவனின் மனைவி நீலி மன்றங்களிலும் தெருக்களிலும் அலறித் திரிந்தாள். அரசனை மட்டுமன்றி ஊராரையும் சேரியாரையும் நோக்கி இது முறையாகுமா என்று வினவினாள். 14 நாள்கள் கழிந்த பின் மலையேறி, சாபமிட்டுக் குதித்து உயிர் துறந்தாள்.

உரையாசிரியர் மரபும் பிற்காலத் திறனாய்வும் இப்பகுதியை ஊழ்வினைக்கான விளக்கமாகவே கொண்டன. கோவலன் ஏன் கொலையுண்டான் என்னும் வினாவுக்கு விடை கிடைத்தவுடன் நீலியின் பணி முடிந்துவிடுகின்றது. ஆயின் அவளுடைய 14 நாள்களை ஒரு செயலாக நோக்கின் வேறொரு பொருள் புலப்படும். அவள் எவரையும் தாக்கவில்லை, எதற்கும் தீயிடவில்லை. பொதுவிடங்களில் நின்று வினா எழுப்பியதே அவள் செய்தது. அரசன் அவளை அழைத்ததாகவோ, ஊரார் ஒருவரேனும் அவள் பொருட்டுப் பேசியதாகவோ காப்பியம் கூறவில்லை. ஒருவர் மீது ஒற்றன் என்னும் பழி விழுந்துவிடின் அவர்க்காகப் பேசுவோரும் அப்பழிக்கு ஆளாவர் என்னும் அச்சம் சிங்கபுரத்து மக்களின் வாயை அடைத்திருத்தல் கூடும். காப்பியம் அதனை வெளிப்படக் கூறாவிடினும் அந்நெடிய மௌனத்திற்கு வேறு காரணம் காண்பது அரிது. சிங்கபுரம் என்னும் பெயர் நம் தீவின் பெயரை நினைவூட்டினும் அது கலிங்கத்து ஊரே. பெயரொற்றுமையைக் கொண்டு நாம் எதனையும் நிறுவ முற்படவில்லை.

கண்ணகிக்குத் திறந்த வாயில்

மதுரையில் நிகழ்ந்ததும் இதே வகையான குற்றமே. அரண்மனைப் பணியாளனாகிய பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்துகொண்டு, அப்பழியை அயலவன்மீது ஏற்றுகின்றான். இக்கால வழக்கில் கூறுவதாயின் இஃது ஓர் ஊழல் வழக்கு. பொறுப்பிலிருந்தவன் பொதுப்பொருளைக் கவர்ந்து, அதனை மறைக்க அதிகாரத்தையே கருவியாக்கிக்கொண்ட வழக்கு. கோவலனைக் காண வந்த காவலர் முதலில் ஐயுறுகின்றனர். இவன் தோற்றம் கள்வனின் தோற்றமன்று என எண்ணுகின்றனர். அவ்வையத்தைப் பொற்கொல்லன் தன் நாவன்மையால் நீக்குகின்றான். கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலான எட்டு வழிகளை எடுத்துரைக்கும் அவனுடைய சொற்பொழிவு, துறையறிவு மிக்கார் பேச்சுப் போலவே ஒலிக்கின்றது. இறுதியில் கல்லாக் காவலன் ஒருவனின் வாள் விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

இதன்பின் கண்ணகி செய்தவற்றை வரிசைப்படுத்திக் காணுதல் நலம். ஊர்சூழ் வரியில் அவள் எஞ்சிய சிலம்பைக் கையில் ஏந்தித் தெருவில் நடக்கின்றாள். நகரத்துப் பெண்டிரை அழைத்துத் தன் வழக்கைக் கூறுகின்றாள். மதுரை மக்கள் கலங்கி, செங்கோல் வளைந்ததோ எனத் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். பின்னர் அவள் அரண்மனை வாயிலை அடைகின்றாள். வாயிலோன் அவளுடைய கோலங் கண்டு அஞ்சினும் செய்தியை உள்ளே அறிவிக்கின்றான். அரசன் அவளை வரவிடுமாறு பணித்து, நீ யார் என வினவுகின்றான். அவள் குற்றஞ்சாட்டுகின்றாள், அவன் மறுக்கின்றான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அவன் தம்முடையது முத்து என்கின்றான். தன் கைவசமிருந்த சிலம்பைக் கொணருமாறு அரசனே ஆணையிடுகின்றான். அது உடைக்கப்பெற்று உண்மை வெளிப்பட்டவுடன் தானே கள்வன் என ஒப்புக்கொண்டு வீழ்கின்றான்.

இந்நிகழ்வினை நான்கு படிகளாகப் பகுக்கலாம். வாயில் திறந்தது முதற்படி. அரசன் செவி கொடுத்தது இரண்டாம் படி. அரசின் கையிலிருந்த சான்று அவையின்முன் வைக்கப்பெற்றது மூன்றாம் படி. பிழையை ஆண்டவனே ஏற்றுக்கொண்டது நான்காம் படி. இவற்றுள் மூன்றாவதே மிக நுட்பமானது. கண்ணகியிடம் இருந்தது ஒற்றைச் சிலம்பு. வழக்கை முடிவு செய்யத்தக்க மற்றொன்று அரண்மனையின் பாதுகாப்பில் இருந்தது. பாண்டியன் அதனைக் காட்ட மறுத்திருப்பின் அவளுடைய கூற்று வெறுங்கூற்றாகவே நின்றிருக்கும். நான்கு படிகளுள் முதலாவதே நீலிக்குக் கிட்டவில்லை. ஒரே காப்பியத்தில் இளங்கோவடிகள் இவ்விருவரையும் வைத்திருப்பது ஊழின் சுழற்சியைக் காட்டுவதற்காக மட்டும் என்று கொள்ள வேண்டியதில்லை. கேட்கப்பெற்ற முறையீட்டையும் கேட்கப்பெறாத முறையீட்டையும் அவர் எதிரெதிர் நிறுத்தியிருக்கிறார் எனக் கொள்ளவும் இடமுண்டு.

அரசியலில் பிழை செய்தார்க்கு அறமே கூற்றுவனாகும் என்பது பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் முதலாவது. அறம் தானாகவே வந்து தண்டிக்கும் என இதற்குப் பொருள் கொள்வது நம் வழக்கம். கதையோ வேறு கூறுகின்றது. மதுரையில் அறம் தானாக வரவில்லை. ஒருத்தி சிலம்பேந்தித் தெருத்தெருவாக நடந்து சென்று அதனை அவைக்குக் கொணர வேண்டியிருந்தது.

புலவரும் குடிமக்களும்

தமிழ் மரபில் அரசனை இடித்துரைக்கும் உரிமை தொன்றுதொட்டு இருந்தது என்பதற்குப் புறநானூற்றுப் புலவர்களைச் சான்று காட்டுவது நம் துறையில் நிலைபெற்ற வழக்கம். பிசிராந்தையார் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் நெறியை உரைத்தார். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் பாடி நிலவரிக் கடனிலிருந்து விடுதலை பெற்றார். மலையமானின் மக்களை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்தார். இவை பெருமைக்குரியனவே. திருக்குறளும் கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, பெரியாரைத் துணைக்கோடல் ஆகிய அதிகாரங்களில் கண்டித்துரைப்பாரை இழந்த அரசின் கேட்டினைத் தெளிவுற விளக்குகின்றது.

ஆயின் இச்சான்றுகள் எவற்றை மெய்ப்பிக்கின்றன என்பதை வரையறுத்துக் கூற வேண்டும். கோவூர்கிழாரின் மற்றொரு பாடல் இங்குக் கருதத்தக்கது. இளந்தத்தன் என்னும் புலவன் உறையூருக்குச் சென்றபோது நெடுங்கிள்ளி அவனை ஒற்றன் எனக் கருதிக் கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் இடைப்பட்டுப் பரிசிலர் வாழ்க்கையின் இயல்பை எடுத்துரைத்து அவனைக் காத்தார். இளந்தத்தன்மீதும் சங்கமன்மீதும் சுமத்தப்பெற்ற பழி ஒன்றே. இருவரும் பகைப்புலத்திலிருந்து வந்த அயலவரே. ஒருவன் பிழைத்தான், மற்றவன் மாண்டான். இளந்தத்தனுக்காகப் பேச அரசன் மதிக்கும் புலவர் ஒருவர் இருந்தார். சங்கமனுக்காகப் பேசியவள் அவன் மனைவி மட்டுமே. ஆகவே புறநானூறு மெய்ப்பிப்பது புலவர்க்கு இருந்த மதிப்பை. குடிமக்கள் அனைவர்க்கும் இருந்த உரிமையை அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தாது, தமிழர் ஆட்சி மக்களாட்சியே என மேடையில் முழங்குவதால் மாணவர்க்கு யாதொரு பயனும் விளைவதில்லை.

இக்கால உரிமைக் கோட்பாட்டினைப் பழங்காப்பியத்தின்மீது ஏற்றிக் காண்பது பொருந்துமா என ஆய்வாளர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பாண்டியன் வாயிலைத் திறந்தது அவனுடைய பண்பினால். சட்டத்தின் கட்டளையால் அன்று. அதனாலேயே நாம் அக்காட்சியைப் பெருமைக்குரிய உரிமைச் சாசனமாகக் கொள்ளாது, ஓர் அளவுகோலாகக் கொள்கின்றோம். பண்பினால் ஒருமுறை நிகழ்ந்தது முறைமையால் எப்போதும் நிகழ வேண்டுமாயின் எவை தேவை என்பதை அந்நான்கு படிகள் காட்டுகின்றன.

செங்காங்கிலிருந்து மன்றம் வரை

செங்காங்கில் வடகிழக்குப் பாதை இரயிலில் ஏறினால் லிட்டில் இந்தியாவைக் கடந்து கிளார்க் கீ நிலையத்தில் இறங்கிச் சில நிமிட நடையில் ஹோங் லிம் பூங்காவை அடையலாம். அங்குள்ள பேச்சாளர் முனை 2000 செப்டம்பர் 1ஆம் நாள் திறக்கப்பெற்றது. குடிமக்கள் பதிவு செய்துகொண்டு உரிமம் இன்றிப் பேசலாம் என்பதும், சமயம் பற்றியும் இனப்பகையைத் தூண்டும் வகையிலும் பேசலாகாது என்பதும், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலோ அவற்றைச் சார்ந்த கிளைமொழிகளிலோ பேச வேண்டும் என்பதும் அதன் விதிகள். 2008ஆம் ஆண்டு முதல் குடிமக்களின் ஆர்ப்பாட்டங்களுக்கும் அங்கு இடமளிக்கப்பெற்றது. 2013 பிப்ரவரி 16ஆம் நாள் மக்கள்தொகை வெள்ளை அறிக்கையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் அமைதியாகக் கூடியதும் அங்கேதான். பூங்காவுக்கு வெளியிலோ, 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி ஒருவர் தனித்து நின்று நடத்தும் ஆர்ப்பாட்டமும் கூட்டமாகவே கருதப்பெறும். அதற்கும் காவல்துறையின் அனுமதி வேண்டும். இவ்வரையறையின்படி நீலியின் அலறல் ஒரு கூட்டம். ஊர்சூழ் வரியோ ஓர் ஊர்வலம்.

தமிழாசிரியர்களாகிய நாம் தமிழின் அதிகாரத்துவ நிலையைப் பற்றிப் பெருமிதங் கொள்கின்றோம். அந்நிலை பாடநூலுக்கும் நாணயத்திற்கும் அறிவிப்புப் பலகைக்கும் மட்டும் உரியதன்று. மாறுபட்ட கருத்தினை உரைப்பதற்குரிய மொழிகளுள் ஒன்றாகவும் சட்டம் தமிழைப் பெயர் சுட்டி ஏற்றுள்ளது. அம்மொழியில் நயம்படக் கருத்து மாறுபடும் பயிற்சியை நம் வகுப்பறைகள் அளிக்கின்றனவா என்பது நமக்கு நாமே எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா.

யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான ஜே.பி. ஜெயரத்தினம் 1981 அக்டோபர் 31ஆம் நாள் நடைபெற்ற ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, சுதந்திரச் சிங்கப்பூரில் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரானார். 1986இல் குற்றத்தீர்ப்புக்கு ஆளாகித் தம் இடத்தையும் வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார். 1988இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் வழக்கறிஞர் பட்டியலில் சேர்க்குமாறு பணித்து, அவர்க்குப் பெரும் அநீதி இழைக்கப்பெற்றதெனக் கருத்துரைத்தது. குற்றத்தீர்ப்பினை மாற்றும் வழி அதனிடம் இல்லாமையால் அவர் அதிபரின் மன்னிப்பை நாடினார்; அது மறுக்கப்பெற்றது. 2001இல் நொடிப்பு நிலைக்கு ஆளான பின்னர் அவர் தம் நூல்களைத் தெருவோரம் நின்று தாமே விற்று வந்தார். 2008 செப்டம்பர் 30ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். சான்று ஓரிடத்தில் ஏற்கப்பெற்றும் ஏற்புரை எங்கிருந்தும் வாராத நிலை எத்தகையது என்பதை அத்தெருவோரக் காட்சி காட்டுகின்றது.

முறையிடுவோர்க்கும் கடமை உண்டு. அதனைச் செங்காங்கே நமக்குக் கற்பித்துள்ளது. 2020 ஜூலை 10ஆம் நாள் தேர்தலில் செங்காங் குழுத்தொகுதி வாக்காளர் 52.12 விழுக்காட்டினர் பாட்டாளிக் கட்சியைத் தேர்ந்தெடுத்தனர். அத்தொகுதி உறுப்பினர் ஒருவர் 2021 ஆகஸ்ட் திங்களில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தியுடன் தாம் காவல் நிலையம் சென்றதாகவும், அங்கு அப்பெண் தகாத முறையில் நடத்தப்பெற்றதாகவும் நாடாளுமன்றத்தில் உரைத்தார். பின்னர் அது உண்மையன்று என அவரே ஒப்புக்கொண்டு அவ்வாண்டு நவம்பரில் பதவி துறந்தார். 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அவர்க்கு 35,000 வெள்ளி அபராதம் விதித்தது. அவர் எழுப்பிய வினா பொருளற்றதன்று. ஆயினும் கையில் சிலம்பு இல்லாது வாயிலை அடைந்தமையால் அவ்வினாவே பின்தள்ளப்பெற்றது. மெய்யாகவே பாதிக்கப்பெற்ற பெண்டிரின் சொல்லுக்கும் அதனால் ஊறு விளைந்தது. கண்ணகி அவையில் உரத்துப் பேசினாள். ஆனால் மெய்ப்பிக்க இயலாத ஒன்றையும் பேசவில்லை.

சான்று எவர் கையில்

காப்பியத்தின் மூன்றாம் படியை மலேசிய நிகழ்வுகள் நன்கு விளக்குகின்றன. தூய்மையான தேர்தலை வேண்டிய பெர்சே இயக்கத்தினர் 2007 நவம்பர் 10ஆம் நாள் கோலாலம்பூரில் ஊர்வலமாகச் சென்று இஸ்தானா நெகாராவில் மாமன்னர்க்கு மனு அளித்தனர். அரண்மனை வாயிலுக்கே முறையீடு சென்றது என்பது சிலப்பதிகாரம் கற்றோர்க்கு வியப்பளிக்கும் ஒப்புமை. வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர் அம்பிகா சீனிவாசன் தலைமையில் அவ்வியக்கம் மீண்டும் எழுந்தபோது, 2011 ஜூலையில் அரசு அதனைச் சட்டவிரோத அமைப்பென அறிவித்தது. மாமன்னரைக் கண்ட பின்னர் ஊர்வலத்தைக் கைவிட்டு அரங்கில் கூட அவ்வியக்கத்தினர் இணங்கினர். கேட்ட அரங்கு மறுக்கப்பெற்றது. ஜூலை 9ஆம் நாள் தெருவில் இறங்கியோருள் 1,600க்கும் மேற்பட்டோர் கைதாயினர். மறு ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடை அறிவிப்பை நீக்கியது.

1எம்டிபி நிதி ஊழல் வெளிப்படத் தொடங்கிய பின் 2015 ஆகஸ்ட் 29, 30ஆம் நாள்களில் நடந்த பெர்சே 4 பேரணியின்போது அவ்வியக்கத்தின் மஞ்சள் சட்டைக்கே தடை விதிக்கப்பெற்றது. 2016 நவம்பரில் பெர்சே 5 பேரணிக்கு முந்திய நாள், இயக்கத்தின் தலைவர் மரியா சின் அப்துல்லா சொஸ்மா சட்டத்தின்கீழ் கைதாகி 10 நாள்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பெற்றார். அந்நிறுவனம் பற்றிய கணக்காய்வு அறிக்கை அதிகாரத்துவ இரகசியமாக்கப்பெற்றிருந்தது; அதன் பகுதியை வெளியிட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ரஃபிசி ரம்லிக்கு அதே திங்களில் 18 மாதச் சிறை விதிக்கப்பெற்றது. அரண்மனைச் சிலம்பைக் கொணர்க என்பதற்கு மாறாக, அச்சிலம்பைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்றாயிற்று. 2018 மே திங்களில் ஆட்சி மாறிய பின்னரே அவ்வறிக்கை இரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பெற்றது. 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனம் தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் குற்றவாளி என 2020 ஜூலை 28ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 23ஆம் நாள் அதனை உறுதி செய்தது.

சான்றினைக் கேட்டுப் பெறுவதையே போராட்டமாக்கிய இயக்கமும் உண்டு. சென்னையில் பிறந்து ஆட்சிப்பணியைத் துறந்த அருணா ராய் முதலானோர் 1990இல் இராஜஸ்தானில் தொடங்கிய உழவர், தொழிலாளர் அமைப்பு, 1994 முதல் சிற்றூர்களில் பொது விசாரணைகளை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேடுகளும் செலவுக் கணக்குகளும் ஊரார்முன் உரக்கப் படிக்கப்பெற்றன. தாம் செய்யாத வேலைக்குத் தம் பெயரில் கூலி எழுதப்பெற்றிருப்பதை மக்கள் தம் செவியாலேயே கேட்டனர். 1996இல் பியாவர் நகரில் 40 நாள்கள் அமர்ந்து அவ்வமைப்பினர் அறப்போராட்டம் நடத்தினர். இந்தியத் தகவல் உரிமைச் சட்டம் 2005இல் நிறைவேறியதற்கு இத்தகைய முயற்சிகளே அடித்தளம். பாண்டியன் பண்பினால் இட்ட ஆணையை, அச்சட்டம் எல்லா அலுவலகங்களுக்கும் உரிய கடமையாக்கியது எனலாம்.

ஆயிரம் பொற்கொல்லரும் அழலும்

காப்பியத்தில் நாம் பெரும்பாலும் பேசாது விடும் செய்தி மற்றொன்று உண்டு. சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் விசாரிக்கப்பெற்றதாக எங்கும் கூறப்பெறவில்லை. நெடுஞ்செழியனுக்குப் பின் வந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான்; நாட்டில் மழையும் வளமும் திரும்பின. ஒருவன் செய்த ஊழலுக்கு ஒரு குலத்தார் முழுவதும் ஈடாக்கப்பெற்றனர். எவர் எவருக்குத் துணை நின்றார், அரண்மனைக் காவலில் எங்குப் பிழை நேர்ந்தது என்னும் வினாக்கள் அக்குருதியில் மறைந்தன. இதனை அறத்தின் வெற்றியாகக் கற்பிப்பது தகாது.

செங்காங்கிற்கு அண்மையிலுள்ள பொங்கோல் கடற்கரை இதற்கு மறுதலையான ஒரு பாடத்தை வைத்துள்ளது. 1951 அக்டோபரில் அங்கு 1,800 பவுண்டு அபின் கொள்ளை போயிற்று. கொள்ளையருள் காவல்துறைத் துப்பறிவாளரும் இருந்தனர். காவலரைக் காவலரே விசாரிப்பது போதாது என்பது அதனால் தெளிவாகி, 1952இல் தனித்த லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அமைக்கப்பெற்றது. அமைச்சராயிருந்த எஸ். ஈஸ்வரன், தம் அலுவலோடு தொடர்புடையோரிடம் மதிப்புமிகு பொருள்களைப் பெற்றமை முதலான குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை செய்தவர்க்கு உரியதாயிற்று. அவர் சார்ந்த சமூகத்தின்மீது எவரும் அதனை ஏற்றவில்லை. பாண்டிய நாட்டில் இல்லாத ஒன்று இங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பொற்கொல்லனைப் பிடிக்கும் நிறுவனம் வேறு, கண்ணகிக்குத் திறக்கும் வாயில் வேறு. முன்னது உண்மையால் பின்னது தேவையற்றது எனக் கருதுவது பிழை.

வாயில் திறவாதவிடத்து அழல் எழும் என்பதே மதுரைக் காண்டத்தின் எச்சரிக்கை எனப் பலர் கூறுவர். கதை கூறுவது அதனினும் கடுமையானது. மதுரையில் அழல் எழுந்தது முறையீடு வென்ற பின்னர்; காலம் கடந்து வந்த நீதி ஆறுதல் அளிக்கவில்லை. 2022இல் கொழும்புக் காலிமுகத்திடலில் ஏப்ரல் 9ஆம் நாள் தொடங்கிய அறப்போராட்டம், ஊழலையும் பொருளாதாரச் சீரழிவையும் எதிர்த்து ஒரு திங்கள் அமைதியாகவே நடந்தது. மே 9ஆம் நாள் ஆட்சியாளரின் ஆதரவாளர்கள் அவர்களைத் தாக்கினர். அன்றிரவே ஆளுங்கட்சியினரின் வீடுகள் எரிந்தன. ஜூலையில் அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் வந்து, இங்கிருந்தே பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். பாண்டியன் தன் அவையிலேயே பிழையை ஏற்றான். இவரோ பிழையை ஏற்காமலே நாட்டைவிட்டு நீங்கினார். ஜூலை 22ஆம் நாள் விடியுமுன் படையினர் திடலிலிருந்த போராளர்களை அகற்றினர்.

அப்போராட்டம் உலகச் செய்தியாயிற்று. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 2017 பிப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்துவிட்டனர். வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் அவ்வாறே அமர்ந்தனர். படையினரிடம் சரணடைந்தோரின் பட்டியலையும் தடுத்து வைக்கப்பெற்றோரின் விவரங்களையும் அவர்கள் கேட்கின்றனர். அஃதாவது, அரசின் கையிலிருக்கும் மற்றைச் சிலம்பையே கேட்கின்றனர். கையில் அவர்கள் ஏந்தியிருப்பது பிள்ளைகளின் நிழற்படங்கள். 2025 மே திங்களில் அப்போராட்டம் 3,000 நாள்களைக் கடந்தது. விடை காணாமலே இறந்துபோன தாய்மாரும் உளர். நீலியின் 14 நாள்களை ஊழின் விளக்கம் எனக் கூறிக் கடந்து செல்லும் வாசிப்பு இத்தாய்மாரின் முன் நில்லாது.

முடிவுரை

கண்ணகியைப் போற்றுவது எளிது. அவள் வென்றவள், தெய்வமானவள், கல்லில் பொறிக்கப்பெற்றவள். நீலிக்குக் கல்லும் இல்லை, காதையும் இல்லை. ஓர் அரசினை அளக்க அவளே தக்க அளவுகோல் என்பது நம் துணிபு. அரசவையில் புலவர்க்கு இருந்த மதிப்பைக் கொண்டு ஆட்சியின் நன்மையை முடிவு செய்தல் இயலாது. தெருவில் நின்று கேட்கும் பெயரறியாத ஒருத்திக்கு எத்தனை நாளில் வாயில் திறந்தது என்பதைக் கொண்டே அதனை முடிவு செய்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கு இதனால் பெறப்படும் பணி சிறியதே, செய்யத்தக்கதே. வழக்குரை காதையைக் கற்பிக்கும் வாரத்தில் கட்டுரை காதையின் நீலி பகுதியையும் உடன்வைத்துக் கற்பிக்கலாம். வாயிலோன் செய்தியை உள்ளே சொல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும், பாண்டியன் சிலம்பைக் காட்ட மறுத்திருந்தால் கண்ணகி என்ன செய்திருக்க இயலும், ஆயிரம் பொற்கொல்லருள் ஒருவனின் மகள் யாரிடம் முறையிட்டிருப்பாள் என மாணவரை எழுதச் செய்யலாம். சிங்கபுரத்து ஊராரும் சேரியாரும் 14 நாள்கள் ஏன் பேசாதிருந்தனர் என்பதையும் வினவலாம். கடைசி வினாவுக்கு மாணவர் விடை தேடும்போது ஆசிரியரும் உடன் தேட வேண்டியிருக்கும். ஏனெனில் அம்மக்களுள் கற்றறிந்தோரும் இருந்திருப்பர்.